பதினாறு மடங்கு

அக்காவின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் யாராவது போய் அவளிடம் சொல்லிவிடுவார்கள் என்பதல்ல பயம். அவளே வாசித்துவிடுவாள். ஒவ்வொரு எழுத்தையும் உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கி, மெல்ல நகர்த்தி நகர்த்தி, ஒரு புள்ளியைக்கூட விடாமல் வாசிப்பாள். பிடிக்காத சொல் ஒன்று கண்ணில் பட்டால் உடனே ஒன்றும் சொல்ல மாட்டாள். சத்தம் போட்டுத் தீர்த்துக்கொள்கிறவளாக இருந்தால் நான் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன்.

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டு அலுவலகத்தில் நாங்கள் அடுத்தடுத்த மேசையில் வேலை பார்த்தோம். துறைமுகத்திலிருந்து வரும் பெட்டிகளை இறக்கி வைத்து, சரக்குக்கு உரியவர் வந்ததும் கேட் பாஸ் போட்டு வெளியே அனுப்புகிற இடம். ட்ரெய்லர் லாரிகள் உள்ளே திரும்பும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி நடுங்கும். அக்கா தண்டையார்பேட்டைக்காரி. என்னைவிட நன்றாகவே மூத்தவள். சின்ன வயதிலேயே அவளுக்கு விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுப்போயிருந்தது. எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு புகை. ஓரங்கள் மட்டும் தெரியும். கையில் கோல் வைத்துக்கொள்ள மாட்டாள். தலையைக் கொஞ்சம் சாய்த்து ஓரக்கண்ணால் வழி பார்த்துக்கொண்டு விறுவிறுவென்று நடப்பாள். எதிரே வந்து சிரிப்பவர்களுக்குப் பதில் சிரிப்பு கிடைக்காது. புதிதாகப் பார்க்கிறவர்கள் திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொள்வார்கள். அது முழுக்கத் தப்பும் இல்லை.

கம்ப்யூட்டரிலேயே இருக்கிற உருப்பெருக்கியை வைத்துத்தான் அவள் வேலை செய்தாள். அலுவலகத்தில் எல்லோரும் அதை ‘ஜூம்’ என்போம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. ஒரு கன்டெய்னர் எண் முழுசாகத் திரைக்குள் அடங்காது. மவுஸை நகர்த்த நகர்த்த, எழுத்தும் இலக்கமும் கூட்ஸ் வண்டி மாதிரி வரிசையாக வந்து போகும். எங்களைவிட மெதுவாகத்தான் செய்வாள். அதற்காகக் கொஞ்சம் முன்னால் வருவாள், கொஞ்சம் பின்னால் கிளம்புவாள். யாரும் குறை சொன்னதில்லை.

ஒரே தொல்லை, அவள் திரையில் இருப்பது ஊருக்கே தெரியும். தண்ணீர் கேன் பக்கம் நின்றால் போதும், அவளுக்கு வந்த மெசேஜை வாசித்துவிடலாம். கணக்குப் பிரிவில் ஒருவன் இருந்தான். அவனுக்கு அது பொழுதுபோக்கு. ஒரு நாள் அக்காவின் தங்கை ஏதோ வரன் விஷயமாக எழுதியிருந்ததை, தண்ணீர் பிடித்துக்கொண்டே உரக்க வாசித்தான்.

“கண்ணு விஷயத்த மொதல்லயே சொல்லிடாதன்னு போட்டு கீதே! யக்கா, மாப்ள பாக்கறாங்களா? சொல்லவே இல்ல?”

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா அந்த மெசேஜை மூடிவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். அவ்வளவுதான் என்று நாங்கள் நினைத்தோம்.

பல நாள் கழித்து, கேட் பாஸுக்காக டிரைவர்களும் ஏஜென்ட்களும் கவுன்ட்டரில் முட்டி மோதிக்கொண்டிருந்த ஒரு காலையில், அவன் தண்ணீர் பிடிக்க வந்தான். செருப்புச் சத்தத்திலேயே அக்காவுக்கு ஆள் தெரிந்துவிடும். செய்துகொண்டிருந்ததை விட்டுவிட்டு, வெறும் பக்கம் ஒன்றைத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகத் திரையை நிறைத்து அடித்தாள்: “தண்ணி – புடிக்கிறவரு – ஜிப்பு – போடல.”

முதலில் ஒரு டிரைவர் வாய்விட்டு வாசித்தார். பிறகு கவுன்ட்டரே கூவியது. அவன் தம்ளரைப் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் முன்பக்கத்தை மூடிக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிக் குனிந்தான்.

ஜிப் சரியாகத்தான் இருந்தது.

“நெசமாவே தொறந்து கீதுன்னு நெனச்சியாக்கா?” என்று மதியம் சாப்பிடும்போது கேட்டேன்.

“எனக்கு எப்டி பாப்பா தெரியும்? எனக்குத்தான் கண்ணு தெரியாதே” என்று சொல்லிவிட்டுக் கருவாட்டுத் துண்டை வாயில் போட்டுக்கொண்டாள்.

ஷேர் ஆட்டோக்காரர் ஒருவரின் கதையும் இப்படித்தான். தேரடி நிறுத்தத்தில், “தண்டார்பேட்ட போவுமா?” என்று அக்கா கேட்டிருக்கிறாள். “போர்டுல கொட்ட எழுத்துல போட்டு கீது இல்ல, கண்ணு இன்னா பொடனிலயா கீது?” என்று சொல்லிவிட்டு அவர் வண்டியை எடுத்திருக்கிறார். அக்கா அதற்குள் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள். விழுந்து முழங்கை சிராய்த்து, அடுத்த நாள் கட்டோடு வேலைக்கு வந்தாள். கேட்டதற்கு, “கொரல் ஞாபகம் கீது” என்று மட்டும் சொன்னாள்.

ஒரு மாலை இருவரும் சேர்ந்து வீடு திரும்பும்போது ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறினோம். டிரைவர் “டோல்கேட்டு, டோல்கேட்டு” என்று கத்தியதும் அக்காவின் கை என் மணிக்கட்டை அழுத்தியது. அடுத்த நிறுத்தத்தில் ஆள் ஏற வந்தபோது அக்கா வெளியே தலையை நீட்டினாள்.

“ஏறாதம்மா. பிரேக்கு புடிக்க மாட்டேங்குது, நாங்களே உசுர கையில புடிச்சினு வர்றோம்.”

அவர்கள் பின்வாங்கினார்கள். டிரைவர் திரும்பி முறைத்தார். அடுத்த நிறுத்தத்தில் குழந்தையோடு நின்றவளிடம், “பின்னாடி ஸீட்ல எவனோ வாந்தி எடுத்து வெச்சிகீறான்” என்றாள். அதற்கடுத்ததில், “போலீஸு இந்த வண்டியதான் தேடுதாம்” என்றாள். உள்ளே இருந்தவர்களும் ஒவ்வொருவராக இறங்கிக்கொண்டார்கள். டோல்கேட் வருவதற்குள் வண்டியில் நாங்கள் இருவர் மட்டும். டிரைவர் ஓரம் கட்டி, ஏறக்குறைய அழுகிற குரலில் கேட்டார்.

“யம்மா, நான் இன்னாமா பண்ணேன் ஒனக்கு?”

“போர்டுல போட்டு கீதே, படிக்கலியா?” என்று சொல்லிவிட்டு அக்கா இறங்கினாள். அவருக்கு எதுவும் ஞாபகம் இருந்த மாதிரி தெரியவில்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அக்காவுக்கு இல்லை.

அப்படிப்பட்டவளிடம் போய்த்தான் எங்கள் புது மேலாளர் மோதினார்.

அவர் தெற்கத்திக்காரர். நெற்றியில் விபூதி, மடிப்புக் கலையாத சட்டை, அதிராத பேச்சு. வந்த புதிதில் எல்லோரையும் ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசினார். ஒரு நாள் அக்காவின் மேசைக்குப் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார்.

“கஸ்டமர் விவரமெல்லாம் வாசல் வரைக்கும் தெரியுதேம்மா. ரகசியம்னு ஒண்ணு இருக்குல்லா?”

“மேசைய திருப்பிப் போட்டா செவுரு பாத்தாப்ல இருக்கும் சார். வெளிய தெரியாது” என்றாள் அக்கா.

“அதெல்லாம் சரிவராது.”

மறுநாள் அவளுடைய கம்ப்யூட்டரில் ஜூம் வேலை செய்யவில்லை. கம்ப்யூட்டர் பராமரிப்பு ஆளைக் கேட்டதற்கு, பூட்டச் சொல்லி மேலாளர் உத்தரவு என்றான். அக்கா நேராக அவர் அறைக்குப் போய்க் கேட்டாள். எல்லோருக்கும் ஒரே விதிதான் என்று அவர் சிரித்த முகத்தோடு சொல்லி அனுப்பினார். அவருடைய மனைவி வழிச் சொந்தத்தில் ஒரு பெண் வேலைக்குக் காத்துக்கொண்டிருந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அதன் பிறகு அக்கா வேலை செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்க்க முடியவில்லை. நெற்றி திரையில் படுகிற அளவுக்குக் குனிந்து, தலையைச் சாய்த்துச் சாய்த்து, ஓரக்கண்ணில் இலக்கங்களைப் பிடிக்கப் பார்ப்பாள். சாயங்காலம் திரையில் எண்ணெய்ப் பிசுக்கு வட்டம் வட்டமாக இருக்கும். கழுத்து வலி, தலைவலி. எழுதிப் போட்ட மனுக்களுக்குப் பதில் இல்லை. கடைசியில் நடக்க வேண்டியது நடந்தது. கன்டெய்னர் எண்ணில் மூன்று ஒன்று எட்டாகிவிட்டது. தோல் சரக்கு ஏற்றிய பெட்டிக்குப் பதிலாக யாருடைய மோட்டார் உதிரிப் பாகங்களோ மீஞ்சூர் கிடங்கு வரைக்கும் போய்த் திரும்பி வந்தன.

மேலாளர் அவளை அறைக்குள் கூப்பிடவில்லை. கூடத்தின் நடுவில், எல்லோர் முன்னாலும், குரலை உயர்த்தாமலே சொன்னார்.

“கண்ணு தெரியாதவங்களை உக்கார வெச்சா இப்படித்தான். நான் என்ன ஆபீஸ் நடத்துதனா, ஆசிரமம் நடத்துதனா?”

அன்றிலிருந்து பின்பக்கக் கொட்டகையில், கன்டெய்னர் கதவுகளில் மாட்டியிருந்த பழைய சீல்களைப் பிரித்து வைக்கிற வேலை அவளுக்கு. அறுத்தெடுத்த இரும்பு சீல்களும் பிளாஸ்டிக் சீல்களும் மூட்டையாகக் கிடக்கும் இடம். அக்கா எழுந்தாள். துப்பட்டா முனையால் திரையிலிருந்த பிசுக்கைத் துடைத்தாள். என் மேசையைக் கடக்கும்போது குனிந்து சொன்னாள்.

“அந்தாளு சொன்னத அப்டியே ஞாபகம் வெச்சிக்கோ பாப்பா. ஒரு வார்த்த மாறக் கூடாது.”

கொட்டகையில் அவள் பொறுமையாக இருந்தாள். கைகளில் வெட்டுக்காயம். வேலையை விட்டுவிடுவாள் என்று மேலாளர் எதிர்பார்த்திருப்பார். அவள் வேளை தவறாமல் வந்தாள், அவரைப் பார்த்தால் வணக்கம் சொன்னாள். அந்த வணக்கத்தைக் கேட்டால் நான் கேட் பாஸிலிருந்து தலையைத் தூக்க மாட்டேன்.

ஒரு நாள் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றிலிருந்து பெரிய ஆட்கள் யார்டைப் பார்க்க வந்தார்கள். எங்கள் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அம்மாவும் வந்திருந்தார். மேலாளர் கூட்ட அறைச் சுவரில் படம் போட்டு விளக்க ஏற்பாடு. கோப்புகளைத் தூக்கி வர ஆள் வேண்டுமென்று அக்காவையும் என்னையும் பின்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். அந்த அறைக் கம்ப்யூட்டருக்கு வயர் இல்லாத கீபோர்டு. மேலாளர் கையில் மவுஸ் மட்டும்தான் இருந்தது. கீபோர்டு அக்காவின் மடியில், கோப்புகளுக்கு அடியில் இருந்தது. ஜூமைப் பூட்டாத கம்ப்யூட்டரில் இரண்டு விசையை அழுத்தினாலே போதும்; எனக்கே நடுவில்தான் தெரிந்தது.

இரண்டாவது படம் வந்ததும் சுவரில் எழுத்துகள் லேசாகப் பெருத்தன. மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடர்ந்தார். அடுத்த படத்தில் பாதி வரி சுவருக்கு வெளியே போய்விட்டது. அவர் மவுஸை இழுத்தார். படம் முழுவதும் ஒரு பக்கமாகப் பாய்ந்தது. மறுபக்கம் இழுத்தார்; மறுபக்கம் பாய்ந்தது. விருந்தினர்களின் தலைகள் இப்படியும் அப்படியும் ஆடின. “புரொஜக்டர்ல ஏதோ கோளாறு” என்றார். சொல்லி வாய் மூடவில்லை, எல்லாம் சரியாகிவிட்டது. அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு ‘பாதுகாப்பு’ என்ற தலைப்புக்கு வந்தபோது அது மறுபடியும் வளர ஆரம்பித்தது. ஆறு மடங்கு, பத்து மடங்கு, அது போகக்கூடிய எல்லையான பதினாறு மடங்கு வரைக்கும் அக்கா விடவில்லை. கடைசியில் சுவர் முழுக்க ஒரே ஒரு புள்ளி மட்டும், கறுப்பாக, ட்ரெய்லர் டயர் மாதிரி நின்றது.

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். தலைமை அலுவலகத்து அம்மா, “அது மேக்னிஃபையர்தானே? யாராவது ஆஃப் பண்ணுங்களேன்” என்றார். மேலாளர் எங்கே கையை வைப்பதென்று தெரியாமல் மவுஸை அமுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு அவருக்கு ஞாபகம் வந்தது.

“ஏம்மா, உனக்குத் தெரியுமே. வந்து நிறுத்து.”

அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்து அசையவில்லை.

“அத நான் தொடக் கூடாதுன்னு நீங்கதான சார் ஆர்டர் போட்டீங்க?”

“என்ன ஆர்டர்?” என்று அந்த அம்மா திரும்பினார்.

“எனக்குக் கண்ணு கம்மி மேடம். அத வெச்சித்தான் வேல செஞ்சினு இருந்தேன். சார் புடுங்கிட்டாரு. இப்போ பின்னாடி இரும்பு பொறுக்கறேன்.” கைகளைத் தூக்கிக் காட்டினாள்.

மேலாளரின் முகம், சுவரில் நின்ற அந்தப் புள்ளிக்கு முன்னால், வெளிறிப்போயிருந்தது. எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டமாக இருந்தது. அதை மறைக்க முடியாது.

விருந்தினர்கள் போன மறுநாளே, ஒழுங்கீனம் என்று காரணம் காட்டி, இனி வர வேண்டாம் என்று அக்காவை அனுப்பிவிட்டார் மேலாளர். தலைமை அலுவலகமும் அப்போது கண்டுகொள்ளவில்லை. அக்கா இதை எதிர்பார்த்த மாதிரி இருந்தாள். மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு அலுவலகத்தில் அவளே டைப் செய்த புகாரைக் கொடுத்தாள். விசாரணை மாதக்கணக்கில் நடந்தது. அன்று கூடத்தில் கேட்டதை நான் ஒரு வார்த்தை மாறாமல் அங்கே சொன்னேன். இன்னும் இரண்டு பேர் சொன்னார்கள். அதில் ஒருவன், தண்ணீர் பிடிக்கப் போய்க் குனிந்து நின்றவன். கம்பெனி பயந்துவிட்டது. வேலையைத் திருப்பித் தருகிறோம், ஜூம் தருகிறோம், பெரிய திரையும் தருகிறோம், மேசையையும் திருப்பிப் போடுகிறோம் என்றார்கள்.

“சரி. அந்தாளு எங்க வெச்சி சொன்னாரோ அங்க வெச்சி மன்னிப்புக் கேக்கணும். எல்லாரும் இருக்கணும்” என்றாள் அக்கா.

மன்னிப்புக் கேட்பதென்று முடிவான நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மேலாளரின் மனைவி அக்கா வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். களைத்துப்போன முகம், கையில் ஆப்பிள் பை. அக்கா நாற்காலி போட்டு, டீ கொடுத்து, பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“அவுக ராத்திரியெல்லாம் தூங்குறதே இல்லம்மா. ரெண்டு பொம்பளப் பிள்ளைக இருக்கு. அவுகளுக்குக் கீழ வேல பாக்குற சின்னப் பசங்க முன்னாடியெல்லாம் கேக்க வைக்காதீங்க. ரூமுக்குள்ள, உங்ககிட்ட மட்டும் கேக்கச் சொல்லுதேன். வேணும்னா நான் இப்பவே கால்ல விழுதேன்.”

“நீ எதுக்குமா வுழற? நீ இன்னா பண்ண?” என்று அக்கா அவரைத் தொட்டுத் தடுத்தாள். குரலில் நிஜமான பரிவு இருந்தது. “டீய குடி. ஆறுது.”

அவர் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தாள். பிறகு, “கூடத்துலதான்” என்றாள். ஆப்பிள் பையை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்து, படியிறங்கும் வரைக்கும் கூடப் போய் வழியனுப்பினாள்.

“விட்டுடலாமேக்கா. பாவமா கீது” என்றேன்.

“ஒனக்குப் பாவமா இருந்தா நீ மன்னிச்சிக்கோ. ஒன்ன அவன் ஒண்ணும் சொல்லலியே.”

மன்னிப்புக் கேட்கிற நாளில் கூடத்தில் எல்லோரும் நின்றோம். தலைமை அலுவலகத்து அம்மாவும் வந்திருந்தார். மேலாளர் கைகளைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தார்.

“நான் சொன்னது யார் மனசையாவது புண்படுத்தியிருந்தா...”

“இருந்தா இல்ல சார். புண்பட்டுது. என் மனசு.”

அவர் மறுபடி ஆரம்பிக்கும் முன் அக்கா கையைக் காட்டினாள்.

“கொஞ்சம் கிட்ட வாங்க சார். ஜன்னல் பக்கமா, வெளிச்சத்துல. மூஞ்சி தெரியல எனக்கு.”

அவர் வந்து நின்றார். அக்கா ஃபோனை எடுத்து, கேமராவைத் திறந்து, அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். இரண்டு விரலால் விரித்தாள். மேலும் விரித்தாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றதால் எனக்கும் தெரிந்தது. சவரக்கத்தி தவறவிட்ட வெள்ளை முடிகள். மூக்கோரம் வியர்வை முத்து. பிறகு ஒரு கண், ஃபோன் முழுவதும். சிவந்த நரம்புகள், ஈரமான இமை.

“இப்போ சொல்லுங்க சார். மெதுவா சொல்லுங்க. நான் நகத்தி நகத்திப் பாக்கணும், டைம் ஆவும்.”

அவர் சொன்னார். தான் பேசியது தவறு, அவளுடைய வேலைக்கு வேண்டியதைப் பறித்தது அதைவிடப் பெரிய தவறு, மன்னிக்க வேண்டும். நடுவில் குரல் உடைந்தது. அக்கா கண்ணிலிருந்து வாய்க்கு நகர்ந்தாள், வாயிலிருந்து கண்ணுக்கு வந்தாள். அந்தப் பெரிய கண்ணில் நீர் திரண்டு, விளிம்பில் நின்று, வழிந்தது. சுற்றி நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். வெளியே லாரி ஒன்று திரும்பியதில் ஜன்னல் நடுங்கியது.

“போதுமேம்மா” என்றார் தலைமை அலுவலகத்து அம்மா.

“ஒரு நிமிஷம் மேடம்” என்றாள் அக்கா, ஃபோனைத் தாழ்த்தாமல். க்ளிக் என்று சத்தம் கேட்டது. அதன் பிறகுதான், “நீங்க போலாம் சார்” என்றாள்.

அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சில வாரங்களில் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஆனால் அன்று அந்தக் கதவு சாத்திய சத்தத்தோடு கூடம் கலைந்தது. ஆளாளுக்கு வேலைக்குப் போனார்கள். அக்கா சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்ட தன் மேசையில் உட்கார்ந்து, ஃபோனைக் கண்ணோரத்துக்குக் கொண்டுவந்து, அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. பசிக்காரி சாப்பாட்டைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

“அக்கா, அதான் எல்லாம் முடிஞ்சிடுச்சே” என்றேன். “அத அழிச்சிடேன்.”

அவள் ஃபோனைப் பைக்குள் வைத்தாள். கம்ப்யூட்டரில் இரண்டு விசையை அழுத்தினாள். புதுத் திரையில் எழுத்துகள் எழும்பி நின்றன.

“அழிக்கறேன் பாப்பா” என்றாள். “இன்னிக்கி இல்ல.”